முக்காற்புள்ளி

மவுஸை நகர்த்துங்கள் என்றது திரை.
எதையாவது தட்டுங்கள், தாறுமாறாக.
சாவி பிறக்கக் கொஞ்சம் ஒழுங்கின்மை வேண்டுமாம்.
"இந்தக் காப்பகத்தில் அதற்கா பஞ்சம்?"
என்றாள் மிரேயா.

வால்திவியாவில் அன்று பதினோராம் நாள் மழை.
ஈர விறகு அடுப்பில் அழுதுகொண்டிருந்தது.
மீன்சந்தைப் படிக்கட்டில் கடற்சிங்கங்கள்
குடலுக்குச் சண்டை போடுவது
சன்னல்வரை கேட்டது.
அவள் மவுஸைச் சுழற்றினாள்,
ஈ விரட்டுகிறவள் மாதிரி.

இரண்டு சாவிகள் பிறந்தன.
ஊருக்குக் கொடுத்ததால் யாரும் பூட்டலாம்.
அவளிடம் இருப்பதால்தான் திறக்கலாம்.

அடுத்த அறைக்குப் போய்
அங்கிருந்து எனக்கு ஃபோன் செய்து
சாவியின் கைரேகையைப் படித்தாள், நான்கு நான்காக:
ஏழு, சி, பூஜ்யம், ஒன்பது.
சுவர் வழியாகவே கேட்டது.
ஆனாலும் விதி விதிதானே,
பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் அடித்தேன்.

இவரை எவ்வளவு நம்புகிறீர்கள் என்றது மென்பொருள்.
தெரியாது. நம்பவில்லை. ஓரளவு. முழுமையாக.
ஓரளவு என்று அழுத்தினேன்.
தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டாள்.
அன்று மாலைவரை
என்னிடம் உப்பைக்கூடக் கேட்கவில்லை.

கோப்புகளில் இருப்பவை பெயர்கள்.
மாற்றிய பெயர்கள்.
எந்தப் பிள்ளை எந்தப் பள்ளியில்
எந்தக் குடும்பப்பெயரில் உட்கார்ந்திருக்கிறது,
யாருடைய உடைந்த விலா எந்தத் தேதியில் எக்ஸ்ரே எடுத்தது,
யார் எந்தப் படகில் சிலோயே தீவுக்குப் போனாள்.
ஊரெல்லாம் படிக்க வேண்டாம்.
ஒரு கணவன் படித்தால் போதும்.

நான்கு வருடம் கழித்து, நேற்று ராத்திரி,
தெமூக்கோவிலிருந்து வரும் பேருந்தில்
மிரேயா கண்ணயர்ந்தாள்.
லோன்கோச்சேயில் விழித்தபோது
மடியில் பை இருந்தது.
பையில் கணினி இல்லை.

விடியுமுன் வந்தாள்.
நனைந்த கோட்டைக் கழற்றவில்லை.
மாத்தே இலை டின்னைக் கவிழ்த்து
அடியில் கிடந்த பென்டிரைவை எடுத்தோம்.
சாவி பிறந்த அன்றே
அதற்கு எழுதிவைத்த மரணச் சான்றிதழ்.

யாரும் கைதவறித் தன் சாவியைக் கொன்றுவிடக் கூடாதென்று
மென்பொருள் எழுதிய யாரோ ஒருவர்
முதல் வரியின் ஐந்து கோடுகளுக்கு முன்னால்
ஒரு முக்காற்புள்ளியை நட்டிருக்கிறார்.
அதை அழித்தால்தான் சான்றிதழ் செல்லும்.

ஒன்றன்மேல் ஒன்றாய் இரண்டு பொட்டு.
முற்றுக்கு இன்னும் கால் பங்கு
மிச்சம் இருக்கிறதென்று சொல்லும் குறி.

"நீ அழி, இசோல்தா."
"உன் சாவி."
கர்சர் சிமிட்டியது. சிமிட்டியது.
மழை கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி பெய்தது.
ஒரே ஒரு தட்டு.
பட்டியலில் அவள் பெயர் சிவந்தது.

ஒசோர்னோ வக்கீலுக்கும்
மருத்துவச்சிக்கும் பள்ளிக்கும் சேதி அனுப்பிவிட்டு
சொல்ல வேண்டியதைச் சொன்னேன்:
இனிமேல் பூட்ட வருகிறவர்களைத்தான் இது தடுக்கும்.
திருடன் மடியில் இருப்பவை
பழைய சாவிக்கு இன்னும் திறக்கும்.
நடுவில் நிற்பது
உன் கடவுச்சொல் மட்டும்.

"ஏழு வார்த்தை," என்றாள்.
"ஒன்றுக்கொன்று ஒட்டோ உறவோ கிடையாது.
ஒன்று கெட்ட வார்த்தை."
செத்த சாவிதானே என்று நினைத்தாளோ என்னவோ,
சொல்ல வாயெடுத்தாள்.
கையால் பொத்தினேன்.
உதடு சில்லிட்டிருந்தது.

மவுஸை நகர்த்துங்கள் என்றது திரை.
இம்முறை அவள் சுழற்றவில்லை.
கையை அதன்மேல் வைத்தாள்.
அது நடுங்கிய நடுக்கமே போதுமானதாக இருந்தது.

பிறகு அடுத்த அறை, ஃபோன், பென்சில்.
பி, நான்கு, நான்கு, ஈ.

இவரை எவ்வளவு நம்புகிறீர்கள்?
நான் முழுமையாக என்பதன்மேல் நின்றுகொண்டிருந்தேன்.
"ஓரளவு என்றே போடு,"
என்றாள் மிரேயா, கோட்டைக் கழற்றியபடி.
"பேருந்தில் தூங்குகிறவள்."